‘கலவர வருஷம்’: 1971இல் வங்கப் பெண்களுக்கு நடந்ததை யாருக்காக எழுதிவைக்கிறோம்?

3 டிசம்பர் 2022

வாசகர் ஒருவரின் கேள்வியை அப்படியே இடுகிறேன்:

“வங்கதேசப் போரில் 2 லட்சம் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மறுவாழ்வு மையங்களின் பதிவேடுகளை அழித்துவிட்டார்கள் என்றும் அவர்களே எழுதுகிறார்கள். பதிவேடே இல்லையென்றால் அந்த 2 லட்சம் எங்கிருந்து வந்தது? இன்னொன்று. 50 ஆண்டுகள் கழித்து ஒரு மூதாட்டியிடம் போய் ‘உங்களுக்கு என்ன நடந்தது’ என்று கேட்பது ஆவணப்படுத்துவதா, ஆறிய புண்ணைக் கிளறுவதா?”

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குள்தான் நான் பல ஆண்டுகளாக வாழ்ந்துகொண்டிருக்கிறேன். கொல்கத்தாவில் குடியேறி 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வங்காள ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் கொண்டுவருவதும், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பதும் என் பிழைப்பு. 1971 பற்றிய நேர்காணல்கள் என் மேசைக்கு வரத் தொடங்கிய பிறகு, புண்ணைக் கிளறுகிறோமா என்ற கேள்வி எழாத நாள் அரிது.

ஆனால் “ஆறிய புண்” என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. வங்கதேசம் அப்போது கிழக்குப் பாகிஸ்தான். 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவத்தின் தாக்குதல் தொடங்கியது. டிசம்பர் 16 அன்று அந்த ராணுவம் சரணடைந்தது. அந்த ஒன்பது மாதங்களில் வீடுகளிலும் வயல்களிலும் முகாம்களிலும் பெண்களுக்கு நேர்ந்தது, அவர்கள் ஊர் திரும்பியதும் முடிந்துவிடவில்லை. பலரைக் கணவர்கள் ஏற்கவில்லை, தந்தையர் ஏற்கவில்லை. ஏற்ற வீடுகளிலும் அக்கம்பக்கத்துப் பேச்சு ஓயவில்லை. யாரும் கேட்காததாலேயே ஒரு புண் ஆறிவிட்டது என்று நாம் முடிவு செய்துகொள்கிறோம். கேட்பதா வேண்டாமா என்பதைவிட, கேட்கிறவர் யாருடைய தேவைக்காகக் கேட்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

4 டிசம்பர் 2022

இனி எண்ணிக்கை. 2 லட்சம் என்பது தலை எண்ணிச் சேர்த்த தொகை அன்று, மதிப்பீடு. வங்கதேச அரசு தொடக்கத்திலிருந்து சொல்லிவரும் எண் அது. 4 லட்சம் வரை சொல்கிறவர்களும் உண்டு. முறையான கணக்கெடுப்பு அப்போதும் நடக்கவில்லை, பிறகும் நடக்கவில்லை. இதைத் தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஒப்புக்கொள்ளாமல் அந்த எண்ணையே ஒரு மந்திரம்போலத் திரும்பத் திரும்பச் சொல்வதால்தான், அதை அசைத்துவிட்டால் நடந்ததையே இல்லையென்று ஆக்கிவிடலாம் என்று மறுப்பவர்கள் நினைக்கிறார்கள்.

மறுப்பு எப்படி இயங்கும் என்பதற்கு ஒரு சான்று. போர்த் தோல்வியை ஆராய பாகிஸ்தான் அமைத்த ஹமூதுர் ரஹ்மான் ஆணையத்தின் அறிக்கை 2000ஆம் ஆண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ராணுவத்தினரின் அத்துமீறல்களை அந்த அறிக்கை பல இடங்களில் ஒப்புக்கொள்கிறது. ஆனால் 2 லட்சம் என்ற எண்ணைத் தள்ளுவதற்கு அது சொல்லும் காரணம் இது: 1972 தொடக்கத்தில் பிரிட்டனிலிருந்து வந்த மருத்துவக் குழு செய்த கருக்கலைப்புகள் நூறு அல்லது அதற்குச் சற்று மேல்தான், எனவே குற்றச்சாட்டு பொய்.

இதை முதன்முறை படித்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். ஒரு மருத்துவக் குழுவிடம் வந்து சேர்ந்தவர்களை வைத்து ஒரு நாட்டின் பெண்களுக்கு நேர்ந்ததை அளக்கிறார்கள். முகாமிலேயே கொல்லப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. தற்கொலை செய்துகொண்டவர்கள் இல்லை. கருத்தரிக்காதவர்கள் இல்லை, கருத்தரிக்கும் வயதை எட்டாத சிறுமிகளும் அதைக் கடந்த முதியவர்களும் இல்லை. குழு வந்திறங்குவதற்கு முன்பே ஊர் மருத்துவச்சியிடம் போனவர்கள் இல்லை. எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்த ஏறத்தாழ ஒரு கோடி அகதிகளுக்கு நடுவே வாய் திறக்காமல் இருந்தவர்கள் இல்லை. அதே 1972இல் அங்கே பல மாதங்கள் பணிபுரிந்த ஆஸ்திரேலிய மருத்துவர் ஜெஃப்ரி டேவிஸ், அரசு சொன்ன எண்ணே குறைவானது என்று பிற்காலத்தில் ஆய்வாளர் பீனா டி கோஸ்தாவிடம் சொன்னார்.

பதிவேடுகள் பற்றி: போருக்குப் பின் இந்தப் பெண்களுக்காக அமைக்கப்பட்ட மறுவாழ்வு மையங்களில் இருந்தவர்களின் பெயரும் ஊரும் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக அவை அழிக்கப்பட்டதாக அங்கே பணிபுரிந்தவர்கள் பின்னாளில் கூறினார்கள். அந்தச் செயலில் கரிசனம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் பெயரைக் காப்பாற்றுவதா, சான்றைக் காப்பாற்றுவதா என்ற முடிவை அந்தப் பெண்ணைக் கேட்காமலே எடுத்தார்கள். 1971க்குப் பிறகு நடந்த எத்தனையோ காரியங்களில் இதே குறையை நான் பார்க்கிறேன்.

7 டிசம்பர் 2022

“வீராங்கனை” என்ற சொல் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். தமிழ் வாசகர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

நாம் ஓட்டப்பந்தயத்தில் வென்ற பெண்ணையும் இறகுப்பந்து ஆடும் பெண்ணையும் வீராங்கனை என்கிறோம். வங்காளிகள் “பீரங்கனா” என்று ஒலிப்பது இதே சொல்லைத்தான். போருக்குப் பிறகு, விடுதலைப் போராட்டத்தின் தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களை நாடு மதிக்க வேண்டும் என்று அந்தப் பட்டத்தை அளித்தார். உலகில் வேறு எந்த அரசும் இத்தகைய பெண்களை இவ்வளவு வெளிப்படையாகப் பெருமைப்படுத்தியதாக எனக்குத் தெரியவில்லை. அந்த நோக்கத்தை மதிக்கிறேன்.

ஆனால் அந்தச் சொல்லுக்கு ஊரில் நடந்தது வேறு. “பீரங்கனா” என்று ஒரு பெண்ணைச் சொன்னாலே அவளுக்கு என்ன நடந்தது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். பாராட்டாக வந்த சொல் அடையாளக் குறியாக மாறியது. விலைமகளைக் குறிக்கும் “பாராங்கனா” என்ற சொல் ஓசையில் மிக நெருக்கமானது. ஓர் எழுத்தை மாற்றி, காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போவார்கள். இதைப் பல நேர்காணல்களில் கேட்டிருக்கிறேன். பதினாறு, பதினேழு வயதில் முகாமிலிருந்து மீண்ட ஒருவர், அரசு தந்த பட்டத்தைக் கேட்டால் பெருமை வருகிறதா என்ற கேள்விக்கு, “அந்தப் பேரை எங்கள் தெருவில் சொல்லாதே அம்மா” என்று மட்டும் சொன்னார்.

மொழிபெயர்க்கும்போது நான் இப்போது வீராங்கனை என்று எழுதுவதில்லை. எழுதினால் தமிழ் வாசகர் கண்ணுக்கு ஒரு பதக்கம் தெரியும், அந்தத் தெரு தெரியாது. “பீரங்கனா” என்றே விட்டுவிடுகிறேன்.

8 டிசம்பர் 2022

நேற்று எழுதியதில் பிழை. அறிவிப்பு வந்தது 1971 டிசம்பர் 22 அன்று, போர் முடிந்த ஆறாம் நாள். முஜிபுர் ரஹ்மான் அப்போது பாகிஸ்தான் சிறையில் இருந்தார். 1972 ஜனவரி 10 அன்றுதான் டாக்கா திரும்பினார். பட்டத்தை அறிவித்தது அவர் இல்லாதபோது இயங்கிய அரசு. பின்னர் அவர் அதைத் தம் உரைகளில் எடுத்துச் சொல்லிப் பரப்பினார்.

16 டிசம்பர் 2022

இன்று வங்கதேசத்தின் வெற்றி நாள். காலையிலிருந்து உரைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு தொடர் தவறாமல் வருகிறது: “30 லட்சம் தியாகிகளின் உயிரையும், 2 லட்சம் தாய்மார்கள், சகோதரிகளின் இஜ்ஜத்தையும் விலையாகக் கொடுத்துப் பெற்ற விடுதலை.”

இஜ்ஜத் என்றால் மானம். அந்தத் தொடரை உடைத்துப் பார்த்தால், ஆண் கொடுத்தது உயிர், பெண் கொடுத்தது மானம் என்று வருகிறது. அவள் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. அவள்மீது குற்றம் இழைக்கப்பட்டது. மானம் போயிற்று என்று நாட்டின் தலைவர்களே மேடையில் சொல்லும்போது, போனது திரும்பாது என்று ஊரும் நம்புகிறது. வங்கதேசத்துப் பெண்ணியவாதிகள் நெடுநாளாக இந்தத் தொடரை எதிர்த்து எழுதிவருகிறார்கள்.

நமக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. தமிழ் நாளிதழ்கள் எத்தனையோ ஆண்டுகள் “கற்பழிப்பு” என்றே எழுதின. கற்பு அழிந்தது என்று சொல்வதன் மூலம் குற்றத்தின் சேதாரத்தை அவள் ஒழுக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது அந்தச் சொல். நான் தொழில் தொடங்கிய காலத்தில் செய்த முதல் மொழிபெயர்ப்பில் அதை 14 இடங்களில் எழுதியிருந்தேன். சென்ற ஆண்டு பழைய கோப்பைத் திறந்தபோது எண்ணினேன். வங்காள மூலத்தில் அந்த மூதாட்டி ஓரிடத்தில்கூட மானம் என்றோ கற்பு என்றோ சொல்லவில்லை. அவர் சொன்னது “அத்தியாசார்”, அதாவது கொடுமை. அவர் வாயில் வராத ஒன்றை நான் 14 முறை அவர் வாயில் வைத்திருக்கிறேன். இப்போது வல்லுறவு என்று எழுதுகிறேன். பேசுகிறவர் கொடுமை என்றால் கொடுமை என்றே எழுதுகிறேன்.

18 டிசம்பர் 2022

முகத்தைக் கூந்தலாலும் வளையல் அணிந்த இரு கைகளாலும் மூடியிருக்கும் பெண்ணின் அந்தப் புகைப்படத்தை இங்கே இடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நைப் உத்தின் அகமது எடுத்தது. 1971இன் பெண்களைப் பற்றிய கண்காட்சிகளிலும் கட்டுரைகளிலும் பெரும்பாலும் அதுதான் முதலில் வருகிறது. நான் இடமாட்டேன். முகத்தை மூடிக்கொண்டவர் தம்மைப் பார்க்க வேண்டாம் என்பதைத் தம்மால் இயன்ற வழியில் சொல்லியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

27 டிசம்பர் 2022

நான் எழுத்தாக்கம் செய்த நேர்காணல் ஒலிநாடா ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று நாள் தள்ளிக்கொண்டே வந்தேன்.

இது ஒரு 90 நிமிட கேசட். நேர்காணல் செய்தவர் நகரத்திலிருந்து போன இளம்பெண், நல்லெண்ணம் உள்ளவர். அந்த அம்மாவைக் “காலா” என்று அழைக்கிறார். சின்னம்மா என்று நாம் சொல்வதுபோல. அவர் பதிலுக்கு இளம்பெண்ணை “மா” என்கிறார். பின்னணியில் அரிவாள்மணையில் ஏதோ நறுக்கும் ஓசை சீராகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

முதல் கேள்வி: “காலா, முக்திஜுத்தத்தின்போது உங்களுக்கு என்ன வயது?” முக்திஜுத்தம் என்றால் விடுதலைப் போர். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. இளம்பெண் விளக்குகிறார். “ஓ, கண்டகோல் வருஷமா!” என்கிறார் அவர். கலவர வருஷம், குழப்பம் நடந்த வருஷம் என்று பொருள். வங்கதேசத்துக் கிராமங்களில் 1971ஐ இன்றும் அப்படிச் சொல்கிறவர்கள் ஏராளம். இளம்பெண் உடனே, “கண்டகோல் இல்லை காலா, முக்திஜுத்தம்” என்று திருத்துகிறார். அதற்குப் பிறகு அந்த அம்மா அந்த ஆண்டைக் குறிப்பிடும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தயங்கி, கற்றுக்கொடுத்த சொல்லைத் தேடிச் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கும் பிள்ளையின் குரல் அது. அதைக் கேட்கையில் எனக்கு நெஞ்சு அடைத்தது.

ஏறத்தாழ 35ஆம் நிமிடத்தில் “அந்த நாள்” வருகிறது. “மிலிட்டரி வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன்.” நறுக்கும் ஓசை நிற்கிறது. இளம்பெண் கேட்கிறார்: “எத்தனை பேர்?” பதில் இல்லை. மீண்டும் கேட்கிறார். அப்போது கதவுப் பக்கம் ஒரு பெண்குரல். அண்டை வீட்டவர் போலும். நொடியும் தாமதிக்காமல் அந்த அம்மா அரிசி விலையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார், குரலில் சிறு நடுக்கம்கூட இல்லாமல். நறுக்கும் ஓசையும் திரும்ப வருகிறது. மூன்று நிமிடம் அரிசி விலை, எண்ணெய் விலை, யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம். வந்தவர் போகிறார். இளம்பெண் விட்ட இடத்திலிருந்து மறுபடியும்: “எத்தனை பேர் காலா?”

எழுத்தாக்கத்துக்கு எனக்குத் தரப்பட்ட படிவத்தில் கேள்வி, பதில் என்ற இரண்டு பத்திகள்தான் இருந்தன. நான் அரிசி விலைப் பேச்சை “தொடர்பற்ற உரையாடல், 3 நிமிடம்” என்று குறித்துவிட்டு விட்டேன். மௌனம் வந்த இடத்தில் “பதில் இல்லை” என்று எழுதினேன். அனுப்பியும் விட்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஒலிநாடாவில் இருந்த மிகப் பெரிய சாட்சியம் அந்த அரிசி விலைதான். அத்தனை ஆண்டுகள் அண்டை வீட்டுக்காரிக்குத் தெரியாமல் அவர் எப்படி வாழ்ந்தார், எவ்வளவு விரைவாகவும் தேர்ச்சியாகவும் ஒரு பேச்சை இன்னொன்றால் மூடக் கற்றிருந்தார் என்பதை எந்தக் கேள்விக்கான பதிலும் அந்த அளவுக்குச் சொல்லாது. அதை நான் வெட்டியெறிந்திருக்கிறேன். கேட்டு வாங்கி மறுபடி எழுதிக் கொடுத்தேன். அரிசி விலை முழுவதையும், ரூபாய் கணக்கு உட்பட.

28 டிசம்பர் 2022

ரூபாய் அன்று, டாகா. வங்கதேச நாணயம். கொல்கத்தாப் பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

2 ஜனவரி 2023

பெயரை வெளியிடலாமா என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது. எக்காரணம் கொண்டும் கூடாது என்பதே என் பதில்.

1992 மார்ச் 26 அன்று டாக்காவின் சுஹ்ராவர்தி பூங்காவில் எழுத்தாளர் ஜஹனாரா இமாம் தலைமையில் மக்கள் நீதிமன்றம் கூடியது. போர்க்குற்றவாளிகளை அரசு விசாரிக்காத நிலையில் மக்களே கூடி நடத்திய விசாரணை அது, லட்சக்கணக்கானவர்கள் திரண்டார்கள். குஷ்தியா மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மூன்று ஏழைப் பெண்கள் அதற்கு அழைத்துவரப்பட்டார்கள். அவர்களுடைய புகைப்படம் நாளிதழ்களில் வெளியானது. ஊர் திரும்பியவர்களுக்குக் காத்திருந்தது ஏச்சு. மானுடவியலாளர் நயனிகா முகர்ஜி பின்னர் அந்தப் பகுதியில் தங்கி, அதற்குப் பிந்தைய அவர்களின் வாழ்க்கையை விரிவாகப் பதிவுசெய்தார். ஊரார் செய்ததற்கு வங்காளத்தில் “கோட்டா” என்று பெயர். அகராதியில் தேட வேண்டாம். தமிழில் அச்சாக அதே சொல் இருக்கிறது: சொல்லிக்காட்டுதல். குழாயடியில், கல்யாண வீட்டில், பிள்ளைகள் சண்டையில் சொல்லிக்காட்டுவது. ஊர் அறிந்திருந்தும் பேசாமல் வைத்திருந்த ஒன்றைப் பத்திரிகையில் வரவிட்டதுதான் ஊரின் கண்ணில் அவர்கள் செய்த குற்றம்.

ஆகவே பெயர் வேண்டாம், படம் வேண்டாம், ஊர் வேண்டாம்.

5 ஜனவரி 2023

மூன்று நாள் முன் எழுதியதைத் திரும்பிப் பார்க்கிறேன். “எக்காரணம் கொண்டும்” என்று எழுதியது தவறு.

ஃபெர்தவ்ஸி பிரியபாஷிணி. சிற்பி, உதிர்ந்த கிளைகளையும் மட்கிய வேர்களையும் கொண்டு சிற்பம் செய்தவர். 1971இல் குல்னாவில் சணல் ஆலையொன்றில் வேலை பார்த்துக்கொண்டு குடும்பத்தைத் தாங்கிய இளம்பெண். 1999இல் தம் பெயரோடும் முகத்தோடும் தமக்கு நேர்ந்ததைப் பொதுவில் சொன்னார். அறியப்பட்ட ஒருவர் அப்படி முன்வந்தது அதுவே முதல் முறை. அவரிடம் போய், உங்கள் நன்மைக்காக உங்கள் பெயரை மறைக்கிறோம் என்று நான் சொல்லியிருந்தால், அது பதிவேட்டை அழித்தவர்கள் செய்ததிலிருந்து எந்த விதத்தில் வேறுபடும்?

சிட்டகாங்கின் ரமா சவுத்ரி. எழுத்தாளர், ஆசிரியராக இருந்தவர். 1971இல் அவரும் பாலியல் வன்முறைக்கு ஆளானார். வீட்டோடு அவருடைய கையெழுத்துப் படிகளும் எரிந்தன. அதன்பின் அடுத்தடுத்துப் பிள்ளைகளையும் இழந்தார். பிள்ளைகளைப் புதைத்த மண்ணைச் செருப்போடு மிதிக்க மாட்டேன் என்று வெறுங்காலோடு நடந்தார். தம் புத்தகங்களைத் தாமே பையில் சுமந்து சிட்டகாங் தெருக்களில் விற்றுப் பிழைத்தார். ‘71இன் தாய்’ என்று பொருள்படும் தலைப்பில் தம் கதையைத் தாமே எழுதினார். அவருக்கு ஆவணப்படுத்துபவர் ஒருவர் தேவைப்படவே இல்லை.

டாக்கா பல்கலைக்கழகத்து வங்காளப் பேராசிரியர் நீலிமா இப்ராஹிமின் நூலையும் இங்கே சொல்ல வேண்டும். சரணடைந்த பாகிஸ்தான் ராணுவத்தினரோடு 30, 40 வங்கப் பெண்களும் நாட்டை விட்டுப் போகப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்களைத் தடுக்கப் போனவர் அவர். அங்கே அவர்கள் சொன்னது அவரைத் திடுக்கிட வைத்தது. இங்கே எங்களை யார் ஏற்பார்கள் என்பதுதான் அவர்கள் கேள்வியின் சாரம். 1994, 1995இல் இரண்டு பகுதிகளாக ஏழு பெண்களின் கதைகளைத் தன்மைக் கூற்றில் எழுதினார், மாற்றுப் பெயர்களில். மூன்றாம் பகுதி வரவில்லை. தம் உடல்நிலையோடு, சமூகத்தின் மனப்போக்கும் அதற்குக் காரணம் என்று எழுதினார். கதையைச் சொன்ன பெண்ணுக்கு நம் சமூகம் மறுபடி கேடு செய்யும் என்று தோன்றினால் எழுதாமல் நிறுத்திக்கொள்வதும் இந்த வேலையின் ஒரு பகுதி. அந்த எழுதப்படாத மூன்றாம் பகுதியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பெயர் சொல்வதும் மறைப்பதும் அந்தப் பெண்ணின் உரிமை. இன்று சரி என்றவர் நாளை வேண்டாம் என்றால் அதுவும் அவர் உரிமை. 2ஆம் தேதிக் குறிப்பை நீக்காமல் விடுகிறேன், என் எண்ணம் மாறியது தெரியட்டும்.

11 ஜனவரி 2023

சட்டம் பற்றிக் கேட்டவருக்கு. வங்கதேசம் 1973இலேயே இயற்றிய சர்வதேசக் குற்றங்கள் சட்டத்தில், மனித குலத்துக்கு எதிரான குற்றங்களின் பட்டியலில் வல்லுறவு பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஐ.நா. அமைத்த போர்க்குற்றத் தீர்ப்பாயங்களின் சட்டங்களில் அது இடம்பெற மேலும் 20 ஆண்டுகள் ஆயின. ஆனால் 1974 ஏப்ரலில் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின், குற்றம் சாட்டப்பட்டிருந்த 195 பாகிஸ்தானியப் போர்க்கைதிகள் விசாரணையின்றி ஊர் திரும்பினார்கள். சட்டம் அலமாரியில் கிடந்தது. 2010இல்தான் தீர்ப்பாயம் அமைந்தது, அதுவும் உள்ளூரில் ராணுவத்துக்குத் துணைபோனவர்களை விசாரிக்க. அதன் நடைமுறை நியாயமானதா என்பது குறித்துக் கடுமையான விமர்சனங்கள் உண்டு, மரண தண்டனைகள் குறித்தும் உண்டு. அவற்றில் பல எனக்கும் உடன்பாடே. எனினும் 2014 டிசம்பரில் தீர்ப்பு வந்த சையது முகமது கைசர் வழக்கில், வல்லுறவால் பிறந்த மகள் சாட்சிக்கூண்டில் நின்று பேசினார். அந்தத் தீர்ப்பு, இந்தப் பெண்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் அரசு ஈடு செய்ய வேண்டியது பற்றியும் பேசியது.

இந்தப் பெண்களை விடுதலைப் போராளிகளாக அங்கீகரிப்பது 2015இல் நடந்தது. முதல் அரசிதழ்ப் பட்டியலில் நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்கள்; பின்னர் 400ஐக் கடந்துவிட்டது. போராளிகளுக்கான மாத உதவித்தொகை அவர்களுக்கும் கிடைக்கிறது. பலருக்கு அது உண்மையிலேயே சோறு. பணத்துக்காகத்தான் வெளியே சொல்கிறார்கள் என்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். போரில் சுடப்பட்ட ஆண் உதவித்தொகை வாங்கும்போது நாம் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் அந்தத் தொகையைப் பெற ஒரு பெண் விண்ணப்பிக்க வேண்டும், உள்ளூர் விசாரணையில் மறுபடி சொல்ல வேண்டும், அரசிதழில் பெயர் வர வேண்டும். 2 லட்சத்துக்கும் 400 சொச்சத்துக்கும் இடையில் எஞ்சியவர்கள் எங்கே என்று கேட்பவர்கள் இந்தப் படிகளை ஒருமுறை மனத்தில் ஏறிப் பார்க்க வேண்டும்.

12 ஜனவரி 2023

டிசம்பர் 27 குறிப்பில் இருந்த ஓர் ஆற்றின் பெயரையும், கல்யாண வீட்டைப் பற்றிய ஒரு வரியையும் நீக்கிவிட்டேன். தெரிந்தவர் படித்தால் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு தோழி தொலைபேசியில் எச்சரித்தார். யாரேனும் நகல் எடுத்து வைத்திருந்தால் அந்த வரிகளை அழித்துவிடுங்கள்.

19 ஜனவரி 2023

வல்லுறவால் உருவான பிள்ளைகள் பற்றி. 1972இல் கருக்கலைப்புக்குத் தற்காலிக அனுமதி தரப்பட்டது. காலம் கடந்துவிட்ட கருக்கள் பிறந்தன. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான ஆணை ஒன்று அதே ஆண்டு வந்தது; வெளிநாட்டுக் குடும்பங்கள் தத்தெடுக்க அது வழி செய்தது. ஜூலையில் 15 குழந்தைகளைக் கொண்ட முதல் குழு கனடா போய்ச் சேர்ந்தது. அவர்களில் சிலர் பெரியவர்களாகித் தங்கள் பிறப்பைத் தேடி டாக்கா வந்திருக்கிறார்கள். பெற்ற தாயின் அடையாளம் மறைக்கப்பட்டிருந்ததால் தேடல் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. தாயின் மறைவுக்கும் மகளின் தேடலுக்கும் நடுவே எது பெரிது என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

29 ஜனவரி 2023

விடுபட்டவர்களைப் பற்றி ஒரு நண்பர் சரியாகச் சுட்டினார். “வங்கப் பெண்கள்” என்று நான் எழுதிக்கொண்டே போகிறேன். சுனாம்கஞ்ச் பக்கத்துக் காகன் பீபி காசி (Khasi) பழங்குடி இனத்தவர். போராளிகளுக்கு உளவு சொன்னவர், பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானவர், 2018இல் மறைந்தார். இந்துப் பெண்கள் தனியாகக் குறிவைக்கப்பட்டார்கள். பாகிஸ்தானை ஆதரித்தவர்கள் என்று கருதப்பட்ட உருது பேசும் பீகாரி முஸ்லிம்களின் பெண்கள்மீது வங்காளிகளும் அதே குற்றத்தைச் செய்தார்கள். வரலாற்றாசிரியர் யாஸ்மின் சைகியா அவர்களையும் தேடிச் சென்று பேசவைத்தார். அவர்களுக்குப் பட்டமும் இல்லை, அரசிதழும் இல்லை. இதைச் சொல்வது பாகிஸ்தான் ராணுவத்தின் குற்றத்தைக் குறைப்பதாகாது. திட்டமிட்ட ஓர் அரச ராணுவத்தின் செயலும் பழிவாங்கும் கூட்டத்தின் செயலும் அளவிலும் அமைப்பிலும் வேறு. அனுபவித்த பெண்ணுக்கு மட்டும் அந்த வேறுபாடு பயன்படாது.

6 மார்ச் 2023

பிரியபாஷிணி மறைந்து இன்றோடு ஐந்து ஆண்டுகள். இன்று எழுத வேண்டும் என்று இருந்தேன்.

எழுத்தாக்கம் முடிந்தபின் அதைப் பேசியவரிடமே திரும்பக் கொண்டுபோய் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது இன்று இந்தத் துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட ஒழுங்கு. முகர்ஜியும் அவரோடு பணியாற்றியவர்களும் 2019இல் இதற்கான வழிகாட்டு நெறிகளை வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் சித்திரக் கதையாகவே வெளியிட்டார்கள். நான் போனது அதற்கும் முன்னால், ஒரு குளிர்காலத்தில், ஒரே ஒரு முறை. என்னை அனுப்பிய அமைப்புக்கு அது கூடுதல் செலவாகத் தெரிந்தது; மூன்று மாதம் கேட்டு வாங்கிய பயணம். பேசியவர் ஒலிநாடாவில் நான் கேட்டவர் அல்லர், வேறு ஒருவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பழைய ஒப்புதல் தாளில் அவருடைய கைநாட்டு இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியுமா என்று கேட்டதற்கு, ரேஷனுக்காக என்று நினைத்ததாகச் சொன்னார்.

திண்ணையில் கோணிப்பை விரித்து உட்காரவைத்தார். 41 பக்கம். வெளியில் யாரும் கேட்காத நேரமாகப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, இரண்டு பிற்பகல்களில் வாசித்தேன். வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவேன், கிழித்துவிடவும் செய்வேன் என்று ஒவ்வொரு பகுதிக்கு முன்பும் சொன்னேன். அவர் நெல்லிக்காயைக் கல்லால் நசுக்கி உப்பில் போட்டுக்கொண்டே கேட்டார். முகாமைப் பற்றிய பக்கங்கள் வந்தபோது கை நிற்கவில்லை, முகமும் மாறவில்லை. இரண்டு பக்கங்களை மட்டும் எடுத்துவிடச் சொன்னார், மருமகனைப் பற்றியவை. எடுத்தேன்.

வீடு எரிந்த பக்கத்தில் மாட்டை ஓட்டிப் போய்விட்டார்கள் என்று ஒரு வரி. அங்கேதான் முதன்முறையாக என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஒரு மாடு என்றா எழுதியிருக்கிறீர்கள்? இரண்டு மாடு அம்மா. ஒரு கன்றும் இருந்தது. கன்று அப்போதுதான் பிறந்து எட்டு நாள்.”

பேனாவை எடுத்து, அவர் பார்க்க, திருத்தினேன். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

“சரி, இப்போது வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்.